நிறத்தால் அறிதல்: குழாய்நீர்க் குளோரின் சோதனையின் வரலாறு

குடிநீரில் குளோரின் கலக்கும் வழக்கம் எப்படித் தொடங்கிற்று என்பதை நூல்கள் விரிவாகவே சொல்கின்றன. 1897இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் டைபாய்டு பரவியபோது குழாய்களைப் பிளீச்சிங் பவுடர் கரைசல் விட்டுக் கழுவினார்கள். 1905இல் லிங்கன் நகரில் அலெக்சாண்டர் ஹூஸ்டன் ஹைபோகுளோரைட்டைத் தொடர்ந்து செலுத்தினார். 1908 செப்டம்பரில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டிக்கு நீர் தரும் பூன்டனில் ஜான் லீல் அதை அன்றாட நடைமுறையாக்கினார். ஆனால் கலந்ததில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கும் முறைகளின் கதை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. கலத்தலைவிட அளத்தலே குளோரினுக்கு நம்பகத்தன்மை தந்தது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு.

பூன்டனில் குளோரின் கலந்தது வழக்காகி நீதிமன்றம் ஏறியபோது எடைபோடப்பட்டது பாக்டீரியா எண்ணிக்கையே. நீரில் குளோரின் இருக்கிறதா என்றறிய ஸ்டார்ச்சும் பொட்டாசியம் அயோடைடும் இருந்தன. குளோரின் அயோடினை விடுவிக்கும். அயோடின் ஸ்டார்ச்சை நீலமாக்கும். உண்டா இல்லையா என்பதற்கு இது போதும். சிற்றளவுகளைக் கண்ணால் தரம்பிரிக்க இது அவ்வளவாக உதவவில்லை.

அந்தக் குறையை ஆர்த்தோடொலிடின் தீர்த்தது. 1909இல் ஏர்ல் ஃபெல்ப்ஸ் முன்மொழிந்த இந்த வினைபொருளை 1913இல் எல்ம்ஸ், ஹவுசர் இருவரும் அளவீட்டு முறையாக்கினர். அமிலக் கரைசலில் இது குளோரினோடு சேர்ந்து மஞ்சளாகும்; குளோரின் கூடக் கூட மஞ்சள் அடர்த்தியாகும். பொட்டாசியம் டைகுரோமேட்டும் காப்பர் சல்ஃபேட்டும் கலந்து, மங்காத ஒப்பீட்டுக் கரைசல்களையும் அவர்கள் தயாரித்தார்கள். சோதனைக்குழாயை அவற்றின் அருகே பிடித்து நிறத்தைப் பொருத்தினால் அளவு கிடைத்துவிடும். வேதியியலாளர் பக்கத்தில் இல்லாமலேயே நீரேற்று நிலையத் தொழிலாளி சோதனை செய்ய முடிந்தது இதனால்தான்.

எவ்வளவு கலக்க வேண்டும் என்ற கேள்விக்கு 1919இல் மேரிலாந்தின் ஏபெல் வோல்மனும் லின் என்ஸ்லோவும் விடை சொன்னார்கள். ஒவ்வொரு நீரும் தன்னிலுள்ள அழுக்குக்கு ஏற்ப ஒரு பங்கு குளோரினை விழுங்கிவிடும். அதற்குமேல் எஞ்சுவதே கிருமியைத் தடுக்கும். ஆகவே கலக்கும் அளவை நிலையாக வைக்காமல், எஞ்சும் அளவை நிலையாக வை என்றார்கள். இந்தப் பெருமையை அவர்களுக்கு மட்டுமே தருவது சரியன்று. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் படையின் தண்ணீர் வண்டிகளுக்காக ராணுவ மருத்துவர் வில்லியம் ஹாராக்ஸ் வகுத்த பெட்டியிலும் இதே எண்ணம்தான் இருந்தது.

இந்திய மருத்துவ மாணவர்கள் அந்தப் பெட்டியை இன்றும் படிக்கிறார்கள். கறுப்புக் கிண்ணத்தில் ஒரு கரண்டி, அதாவது 2 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தெளியவிட வேண்டும். ஆறு வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்று நீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதலாவதில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு என்று ஏற்றிக்கொண்டே போக வேண்டும். அரை மணி நேரம் கழித்து எல்லாவற்றிலும் ஸ்டார்ச்-அயோடைடு விட்டால் ஏதோ ஒரு கிண்ணத்திலிருந்து நீலம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். மூன்றாவது கிண்ணம் என்றால், 455 லிட்டருக்கு மூன்று கரண்டி, அதாவது 6 கிராம் பவுடர். லிட்டர் வந்தபிறகும் 455 என்ற விசித்திரமான எண் நிற்பதற்குக் காரணம், அது பழைய 100 கேலன் என்பதே.

அடுத்த சிக்கல் அம்மோனியாவால் வந்தது. நீரில் அம்மோனியா இருந்தால் குளோரின் அதோடு சேர்ந்து குளோரமைன் ஆகிறது. கிருமி கொல்வதில் இது தனிக் குளோரினைவிட மிகவும் மெதுவானது. 1939இல் கிரிஃபின் விளக்கிய முறிவுப்புள்ளி (குளோரமைன் சிதைந்து, அதற்குமேல் கலக்கும் குளோரின் தனிக் குளோரினாகவே எஞ்சத் தொடங்கும் அளவு), தனிக் குளோரினையும் சேர்ந்த குளோரினையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியது. ஆர்த்தோடொலிடினோ இரண்டுக்குமே மஞ்சளாகும்: தனிக் குளோரினுக்குச் சில நொடிகளில், குளோரமைனுக்குச் சற்றுத் தாமதித்து. மாதிரி நீர் வெதுவெதுப்பாக இருந்தால் அந்த இடைவெளியும் சுருங்கிவிடும். எனவே நீரை ஏறக்குறைய உறையும் நிலைக்குக் குளிரவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நைட்ரைட், இரும்பு, மாங்கனீசு ஆகியவையும் பொய் மஞ்சளைத் தந்தன.

நியூகாசில்–கேட்ஸ்ஹெட் குடிநீர் நிறுவனத்தின் ஆர்தர் பாலின் 1957இல் வெளியிட்ட, டிபிடி என்னும் வினைபொருளைக் கொண்ட முறை இந்த முடிச்சை அவிழ்த்தது. தனிக் குளோரின் உடனே இளஞ்சிவப்பைத் தரும். பொட்டாசியம் அயோடைடு சேர்த்தபின் நிறம் கூடினால், கூடிய பங்கு குளோரமைனுடையது. இதிலும் ஒரு பொறி உண்டு. குளோரின் மிக அதிகமாக இருந்தால் எழும் நிறத்தை அதுவே வெளுக்கச் செய்துவிடும். அளவுமீறிய நீர் குளோரினே இல்லாதது போல் தெரியும். ஐயம் வந்தால் நீரை நீர்த்துப்போகச் செய்து மறுபடி பார்க்க வேண்டும். புற்றுநோய் அச்சமும் துல்லியக் குறைவும் சேர்ந்து, 1970களின் நடுவில் ஆர்த்தோடொலிடினை அமெரிக்கத் தர முறைகள் நூலிலிருந்து வெளியேற்றின.

இந்தியாவில் அது அவ்வளவு எளிதில் வெளியேறவில்லை. மேல்நிலைத் தொட்டி இயக்குபவர்களின் கையிலுள்ள குளோரோஸ்கோப் பல இடங்களில் இன்னும் மஞ்சள் நிறத்தைத்தான் ஒப்பிடுகிறது. இந்தியத் தரநிலை 10500 கேட்பதோ லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் தனிக் குளோரினை. வெயிலில் சூடேறிய குழாய்நீரைக் குளிரவைக்காமல், நொடிகளை எண்ணாமல் பார்த்து எழுதும் 0.2, தனிக் குளோரினும் குளோரமைனும் சேர்ந்த கூட்டுத்தொகையாகவே இருக்கலாம். பதிவேட்டில் வெறும் அளவை மட்டும் குறிக்காமல், எந்த வினைபொருளால், சொட்டு விட்ட எத்தனை நொடியில் பார்த்தது என்பதையும் எழுதினால்தான் அந்த எண்ணைத் தரநிலையோடு ஒப்பிட முடியும்.