சூரன் படையில் தொப்பிக்காரன்

ஆத்தூரில் வெற்றிலைக் கொடிக்காலை ஒட்டிய வீட்டில் எங்கள் ஆச்சி வைக்கும் கொலுவில் ஒரு விநோதம் உண்டு. பழைய பாண்டு செட்டுச் சிப்பாய்ப் பொம்மைகளையே சூரபத்மன் சேனையாக மாற்றியிருந்தாள். புளியங்கொட்டைப் பசையில் காகிதத்தை ஊறவைத்து மீசையும் கோரைப்பல்லும் ஒட்டுவாள். முகத்துக்குக் கரும்பச்சை தீட்டுவாள். ஊதுகுழல் போய் ஈர்க்குச்சி ஈட்டி வரும். தொப்பியை மட்டும் தொடமாட்டாள்.

"தொப்பி எதுக்கு ஆச்சி?"

"திருச்செந்தூர்ச் சண்முகரைத் தூக்கிட்டுப் போனது தொப்பிக்காரன்தானலே!"

பொய்யன்று. 1648-ல் கோயிலைப் பிடித்திருந்த டச்சுக்காரர்கள் விக்கிரகத்தைக் கப்பலேற்றி, புயலுக்கு அஞ்சிக் கடலில் போட்டார்கள். 1653-ல் வடமலையப்ப பிள்ளை அதை மீட்டார் என்பது கோயில் வரலாறு. 1658-ல் தூத்துக்குடியும் போர்த்துக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் கைக்குப் போயிற்று.

ஆனால் பாருங்கள், பொம்மைகளின் சிவப்புச் சட்டை இங்கிலீஷ்காரனுடையது! அவனுக்குத் தூத்துக்குடி நிரந்தரமாய்க் கிடைத்ததே 1825-ல்தான். கலெக்டர் லஷிங்டன் செந்திலாண்டவனுக்கு வெள்ளிப் பாத்திரம் கொடுத்ததாகவும் சொல்வார்கள். படித்த கர்வத்தில் இதையெல்லாம் ஆச்சியிடம் ஒப்பித்தேன்.

"1799-ல கயத்தாத்துல கட்டபொம்மனைத் தூக்குல போட்டது யாருலே?" என்று கேட்டுவிட்டு, தூரிகையைப் பச்சையில் தோய்த்தாள்.