வழக்குமன்றத்திலிருந்து வங்கிக்கு
அம்மெம்பால் சுப்பாராவ் பையின் வாழ்வும் பணியும்

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் வங்கி நிறுவிய ஒருவரின் வரலாறு எதற்கு என்று நம் இளைஞர்கள் வினவக்கூடும். முதலில் பள்ளியையும் பின்னரே வங்கியையும் நிறுவியவர் அவர் என்பதே அதற்கு விடையாகும்.

அம்மெம்பால் சுப்பாராவ் பை 1852ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் தென்கன்னட மாவட்டத்து மூல்கியில் பிறந்தார். அம்மாவட்டம் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. எனவே அவர் சட்டம் பயின்றதும் சென்னையிலேயே ஆகும். பின் மங்களூரில் வழக்கறிஞராகத் தொழில் நடத்திப் பெரும்புகழ் எய்தினார். வழக்கை வளர்ப்பதைவிட, இரு தரப்பாரையும் அழைத்து இணக்கம் காண்பதிலேயே நாட்டமுடையவர் என்று அவரைப் பற்றிக் கூறுவர்.

1891இல் அவர் மங்களூரில் கனரா உயர்நிலைப் பள்ளியைத் தொடங்கினார். 1894இல் பெண்களுக்கெனத் தனிப் பள்ளியும் கண்டார். பெண் கல்வியை ஊரார் எள்ளி நகையாடிய காலம் அது என்பதை மறந்துவிடலாகாது.

பள்ளி தோன்றிப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1906 ஜூலை முதல் நாள், ‘கனரா இந்து பெர்மனென்ட் பண்டு’ என்னும் நிதி நிறுவனத்தை நிறுவினார். எளிய மக்கள் கடனுக்கு வட்டிக்கடைக்காரரையே நம்பியிருந்தனர். கடன் வழக்கு வழக்கறிஞரின் மேசைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பத்திரத்தில் கையொப்பம் விழுந்திருக்கும், வட்டி முதலை விஞ்சியிருக்கும். வழக்காடிக் காப்பதைவிட, வழக்கே எழாதவாறு நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கச் செய்வது மேலன்றோ? அறியாமையை நீக்குதல், கல்வியைப் பரப்புதல், சிக்கனமும் சேமிப்பும் பழக்குதல் ஆகியனவும் அந்நிறுவனத்தின் கொள்கைகளாக அமைந்தன.

அதே ஆண்டு அக்டோபரில் சென்னையின் புகழ்பெற்ற ஆர்பத்நாட் நிறுவனம் முறிந்து, ஆயிரக்கணக்கானோர் சேமிப்பை இழந்தனர். மக்கள் நம்பிக்கை ஆட்டங்கண்ட அந்நாளிலும், பிறந்து நான்கு திங்களே ஆன மங்களூர் நிதி நிலைத்து நின்றது. 1909இல் சுப்பாராவ் பை மறைந்தார். மறு ஆண்டு அவருடைய நிறுவனம் ‘கனரா வங்கி’ என்னும் பெயர் பெற்றது.

இங்கு நாம் ஒன்றை நேர்மையாகக் கேட்டாக வேண்டும். அவ்வங்கியின் வாயில் அன்று நம்மவர்க்குத் திறந்திருந்ததா? பொதுக்கிணற்றில் நீர் முகக்கவும் பொதுப்பள்ளியில் அமரவும் நம் முன்னோர் தடுக்கப்பட்டிருந்த காலம் அது. ஈடு வைக்க நிலமற்றவனுக்கு, உழைப்பையே அடகு வைக்கும் பண்ணையடிமைத்தனம்தான் எஞ்சியிருந்தது. அதே மங்களூரில் வாழ்ந்த மற்றொரு வழக்கறிஞரான குத்முல் ரங்காராவ் இதனை உணர்ந்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தி, 1897இல் அவர்களுக்கென ஓர் ஊழியச் சங்கமும் அமைத்தார். அதற்காகத் தம் சொந்தச் சாதியாராலேயே விலக்கப்பட்டார். சுப்பாராவ் பையைப் போற்றும்போது இவரையும் சேர்த்துப் போற்றுதல் நம் கடமை.

வங்கியின் வாயில் நமக்குத் தானே திறந்துவிடவில்லை. 1969 ஜூலை 19இல் கனரா வங்கி உள்ளிட்ட 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1972இல் மிக ஏழையர்க்கு நான்கு விழுக்காடு வட்டியில் கடன் தரும் திட்டம் வந்தது. 1976இல் கொத்தடிமை முறையைச் சட்டம் ஒழித்தது. ரூபாயின் சிக்கலை ஆராய்ந்து 1923இல் நூல் வெளியிட்ட பாரிஸ்டர் அம்பேத்கர், பணத்தின் இயல்பை அறிவதும் விடுதலைக்கு ஒரு வழி என்பதைத் தம் வாழ்வால் காட்டினார்.

ஆயினும் வாயில் திறந்தால் மட்டும் போதாது. படிவத்தைப் படிக்கத் தெரியாமல் கைநாட்டு வைப்பவனை இடைத்தரகன் இன்றும் ஏய்க்கிறான். ஆதலால்தான் பள்ளி முதலிலும் வங்கி பின்னரும் வந்த வரிசை நமக்குப் பாடமாகிறது. சிறுதொகைதானே என்று சேமிப்பை இகழவும் வேண்டா. உடுப்பியில் 1925இல் பிறந்த சிண்டிகேட் வங்கி, 1928 முதல் வீடு வீடாகச் சென்று நாள்தோறும் இரண்டணா திரட்டியே பெருவங்கியாயிற்று. 2020இல் அது கனரா வங்கியோடு இணைந்தது.

இளைஞர்களே! எதனையும் படித்துப் பார்த்தபின் கையெழுத்திடுங்கள். திருமண ஆடம்பரத்திற்குக் கடன் வாங்காதீர்கள். கல்விக்கும் தொழிலுக்கும் துணிந்து வாங்கித் தவணை தவறாது கட்டுங்கள். நம் பாட்டனார் பட்ட கடனுக்காக நம் தந்தையர் உழைத்தனர். நம் பிள்ளைகளுக்குக் கடனை விட்டுச் செல்லாமல் கல்வியை விட்டுச் செல்வோமாக!