அப்ரைசர் யாருடைய ஆள்?

“அண்ணா, அப்ரைசலே வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அறுநூறு டாலர் மிச்சம்!”

2025 செப்டம்பரில் எங்கள் டீமில் இருக்கும் தம்பி ஒருவன் காபி மெஷின் பக்கத்தில் நின்று சொன்னது இது. டாலஸுக்கு வடக்கே முதல் வீடு வாங்குகிறான். பத்து சதவீதம் முன்பணம், மீதி கடன். வங்கியின் சாஃப்ட்வேர் அவனுடைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, வீட்டை யாரும் நேரில் வந்து மதிப்பிடத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. இதற்கு ‘வெய்வர்’ என்று பெயர். அவனுக்கு ஒரே சந்தோஷம். எனக்கு ஏனோ சந்தோஷப்பட முடியவில்லை.

காரணம் என் சொந்தக் கதை. 2022 ஏப்ரலில் நாங்கள் வீடு வாங்கினோம். அந்த வசந்தத்தில் இங்கே வீடு வாங்கியவர்களுக்குத் தெரியும், ஒரு வீட்டுக்கு இருபது பேர் க்யூவில் நிற்பார்கள். கேட்ட விலைக்கு மேலே கொடுத்தோம். அப்ரைசல் குறைவாக வந்தாலும் வித்தியாசத்தைக் கையிலிருந்து தருகிறோம் என்று எழுதியும் கொடுத்தோம். அப்ரைசர் வந்தார், நாற்பது நிமிடம் லேசர் கருவியால் அளந்தார், போட்டோ எடுத்தார், போனார். ஒப்பந்த விலையைவிட 27,000 டாலர் குறைத்து எழுதிவிட்டார். வங்கி அவர் எழுதிய தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும். மீதியைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டினோம். ரெண்டு வருஷம் ஊருக்குப் போகவில்லை. அந்த மனிதரை நான் திட்டாத திட்டில்லை.

இன்று எங்கள் தெருவில் அதே மாடல் வீடுகள் அவர் எழுதிய எண்ணுக்குக் கீழேதான் விற்கின்றன. யோசித்துப் பார்த்தால் ஏஜென்ட், லோன் ஆஃபீசர், விற்றவர் எல்லோருக்கும் க்ளோசிங் நடந்தால்தான் காசு. நடந்தாலும் நடக்காவிட்டாலும் அதே சம்பளம் வாங்கிக்கொண்டு, “இது கூடுதல் விலை” என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். அந்த அறிக்கையை ஒழுங்காகப் படித்தது ஒரு வருஷம் கழித்து. முதல் பக்கத்திலேயே ‘கடன் கொடுப்பவர் / வாடிக்கையாளர்’ என்றொரு கட்டம். அதில் வங்கியின் பெயர். பணம் கட்டியது நான். இந்தத் தொழிலின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தது அந்தக் கட்டத்திலிருந்துதான்.

(முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: நான் பிஇ படித்துவிட்டு கோடு எழுதிப் பிழைப்பவன். பொருளாதாரம் படித்தவனல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய அறிக்கைகள் படிப்பது பழக்கம், அவ்வளவுதான்.)

1920களில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் என்பது இன்று நாம் அறிந்த முப்பது வருடக் கடன் அல்ல. மூன்று முதல் ஐந்து வருடத் தவணை, பெரும்பாலும் வட்டி மட்டும் கட்டிவந்து கடைசியில் அசலை மொத்தமாகத் தர வேண்டும். முடியாவிட்டால் கடனைப் புதுப்பித்துக்கொள்ளலாம். பெருமந்தம் வந்ததும் வங்கிகள் புதுப்பிக்க மறுத்தன. வீடுகள் ஜப்திக்குப் போயின. 1933 ஜூனில் ரூஸ்வெல்ட் அரசு ‘ஹோம் ஓனர்ஸ் லோன் கார்ப்பரேஷன்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. மூழ்கும் கடன்களை வங்கிகளிடமிருந்து வாங்கி, வீட்டுக்காரருக்கு நீண்ட காலக் கடனாக மாற்றித் தருவது அதன் வேலை. மூன்று வருடத்தில் சுமார் பத்து லட்சம் கடன்கள், 300 கோடி டாலருக்கு மேல்.

பத்து லட்சம் வீடுகளுக்கு விலை போட வேண்டும். ஆனால் 1933இல் வீடு வாங்க ஆளே கிடையாது, அப்புறம் ஏது சந்தை விலை? அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. ஒன்று, இன்றைய சந்தை விலை. இரண்டு, அதே மாதிரி மனை வாங்கி அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவு, தேய்மானம் கழித்து. மூன்று, கடந்த பத்து வருட வாடகையை வைத்துக் கணக்கிட்ட மதிப்பு. மூன்றுக்கும் சம எடை கொடுத்துச் சராசரி. இன்ஜினியர் மூளைக்கு இதமான சூத்திரம்.

ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பத்து வருட வாடகை என்றால் 1920களின் நல்ல வருடங்களும் உள்ளே வந்துவிடும். மதிப்பு மேலே போகும். மதிப்பில் 80 சதவீதம் வரைதான் கடன், உச்சவரம்பு 14,000 டாலர். எண் குறைவாக வந்தால் பழைய கடன்காரர் சம்மதிக்க மாட்டார், வீடு ஏலத்துக்குப் போகும். ஆகவே கொஞ்சம் தாராளமாக வரும்படியான சூத்திரம் தேவைப்பட்டது. நல்ல நோக்கம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாடு தழுவிய முதல் பெரிய மதிப்பீட்டு வேலையிலேயே, கேட்டவருக்கு எது தேவையோ அது சூத்திரத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

இதே நிறுவனம் 1935இலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வண்ண வரைபடங்கள் தயாரித்தது. பச்சை நல்ல பகுதி, பிறகு நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்றால் கிட்டத்தட்ட நிச்சயம் சிவப்புதான். ‘ரெட்லைனிங்’ என்ற சொல்லோடு இன்று எல்லோரும் காட்டுவது இந்த வரைபடங்களைத்தான். கறுப்பினத்தவருக்குக் கடன் மறுக்கப்பட்டது இவற்றால்தான் என்று நானும் நம்பியிருந்தேன். அண்மைக்கால ஆய்வாளர்கள் தேதிகளைச் சரிபார்த்தபோது, அந்த நிறுவனத்தின் கடன்களில் பெரும்பகுதி வரைபடங்களுக்கு முன்பே கொடுக்கப்பட்டவை, சிவப்புப் பகுதிகளிலும் கொடுக்கப்பட்டவை என்று தெரிந்தது. உண்மையான கதவடைப்பு நடந்தது 1934இல் உருவான எஃப்.எச்.ஏ.வில், அதாவது கடன்களுக்குக் காப்பீடு தரும் அமைப்பில்.

அங்கே மதிப்பீட்டு விதிகளை வகுத்த பிரெடரிக் பாப்காக், அப்ரைசல் பற்றிய முக்கியப் பாடநூல்களை எழுதியவர். அங்கே பொருளாதார நிபுணராகச் சேர்ந்த ஹோமர் ஹாய்ட், 1933இல் சிகாகோ நில மதிப்புகள் பற்றிய தன் புத்தகத்தில், எந்த இனத்தவர் வந்தால் நில மதிப்பு எப்படி ஆகும் என்று பத்துப் படிகளாக வரிசைப்படுத்தியவர். மேலே ஆங்கிலேயர், ஜெர்மானியர், ஸ்காட்லாந்துக்காரர். கடைசி இரண்டு படிகளில் கறுப்பர்களும் மெக்சிகர்களும். எஃப்.எச்.ஏ.வின் கையேடு ‘ஒத்துவராத இனங்கள்’ கலப்பதை ஆபத்து என்றே எழுதியது. வீட்டுக்குள் காலே வைக்காமல், பக்கத்து வீட்டுக்காரரின் நிறத்தைப் பார்த்து விலை சொல்வது பாடமாகவே ஆயிற்று. 1968இல் சட்டம் தடைசெய்த பிறகும் பாடநூல்கள் மாறவில்லை. 1976இல் நீதித்துறை அப்ரைசர் சங்கங்கள் மீதே வழக்குப் போட்ட பிறகுதான், அடுத்த வருடம் ஒரு முக்கியச் சங்கம் சமரசத்துக்கு வந்தது.

இனி என் பக்கத்து ஊர்க் கதை. டாலஸிலிருந்து கிழக்கே ஐ-30 நெடுஞ்சாலையில் ரே ஹப்பர்ட் ஏரியைக் கடந்து போகும்போதெல்லாம் இது ஞாபகம் வரும். 1980களின் தொடக்கத்தில் மெஸ்கீட் ஊரில் எம்பயர் சேவிங்ஸ் என்றொரு சிறிய சேமிப்பு நிறுவனம் இருந்தது. அதன் பணத்தில் இந்தச் சாலையோரம் முழுக்க காண்டோ கட்டினார்கள். உத்தி மிக எளிது. ஒரு நிலத்தை நான் உங்களுக்கு விற்கிறேன், நீங்கள் இன்னொருவருக்கு, அவர் இன்னொருவருக்கு. ஒவ்வொரு முறையும் விலை ஏறும். சில சமயம் எல்லாம் ஒரே நாளில். அப்ரைசர் வந்து “பக்கத்தில் விற்ற நிலங்கள் இந்த விலை” என்று எழுதுவார். அவர் எடுத்துக்காட்டும் விற்பனைகளே இந்தக் கூட்டாளிகளுக்குள் நடந்தவைதான். 1984இல் நிறுவனம் மூடப்பட்டபோது மத்தியக் காப்பீட்டு நிதிக்கு ஏறக்குறைய 30 கோடி டாலர் நஷ்டம். யாரும் குடிபோகாத, பாதி கட்டிய கட்டடங்கள் சாலையோரம் நின்றன.

அந்தக் காலத்தில் பெரும்பாலான மாநிலங்களில் முடிவெட்ட உரிமம் வேண்டும், அப்ரைசர் ஆக வேண்டாம். சேமிப்பு நிறுவனங்கள் நூற்றுக்கணக்கில் விழுந்த பிறகு, 1989 சட்டம்தான் மாநில உரிமத்தையும் பொதுவான தொழில் விதிகளையும் கொண்டுவந்தது.

உரிமம் வந்தது, ஆனால் வேலை கொடுப்பவர் மாறவில்லை. 2000களில் லோன் ஆஃபீசரே அப்ரைசருக்குப் போன் போட்டு “இந்த எண் வருமா?” என்று கேட்பார். வராது என்றால் அடுத்த வேலை வேறு ஒருவருக்கு. எங்கள் தொழிலில் சொல்வதானால், டெஸ்டரின் போனஸை டெவலப்பரின் மேனேஜர் முடிவு செய்வது மாதிரி. பக் எப்படிக் கிடைக்கும்? 2003இல் ஒரு கருத்துக்கணிப்பில் 55 சதவீத அப்ரைசர்கள் மதிப்பை உயர்த்தச் சொல்லி அழுத்தம் வந்ததாகச் சொன்னார்கள். 2006இல் அது 90 சதவீதம். நெருக்கடியை விசாரித்த அரசு ஆணையத்தின் அறிக்கையில் இந்த எண்கள் இருக்கின்றன. அதைவிட என்னை உலுக்கியது, 11,000 அப்ரைசர்கள் கையெழுத்திட்டு “எங்களைப் பொய் சொல்ல வைக்கிறார்கள்” என்ற பொருளில் வாஷிங்டனுக்கு மனுவே கொடுத்திருந்தார்கள் என்பது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

2007 நவம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ குவோமோ, வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியின் அழுத்தத்துக்கு வளைந்ததாக இ-அப்ரைஸ்-ஐடி என்ற நிறுவனத்தின் மீதும் அதன் தாய் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போட்டார். அதன் தொடர்ச்சியாக 2009 மே மாதம் புதிய நடத்தை விதி வந்தது, 2010இல் டாட்-ஃபிராங்க் சட்டம் அதை நிலைப்படுத்தியது. லோன் ஆஃபீசர் அப்ரைசரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. நடுவில் ஒரு மேலாண்மை நிறுவனம் இருக்கலாம்.

நல்ல சுவர்தான். ஆனால் சுவருக்கும் வாடகை உண்டு. நீங்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்த நடு நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. குறைந்த காசுக்கு, சீக்கிரம் முடித்துத் தருபவருக்கு வேலை போகிறது, அவர் நூறு மைல் தள்ளி இருந்தாலும். டெக்சஸில் இது கூடுதல் தலைவலி, ஏனென்றால் இங்கே விற்ற விலையைப் பதிவு அலுவலகத்தில் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. ஏஜென்ட்களின் தரவுத்தளமும் உள்ளூர்ப் பழக்கமும்தான் ஆதாரம். நம்மூரில் வழிகாட்டி மதிப்பு ஒன்று, உண்மையில் கைமாறும் பணம் வேறொன்று என்று பழகியவர்களுக்கு இது புரிய நேரமாகாது. இன்னொரு வேடிக்கை: சொத்துவரிக்காகக் கவுன்டியும் தனியாக ஒரு மதிப்புப் போடும். ஒவ்வொரு மே மாதமும் நான் சுவர் விரிசல்களைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய், “ஐயா, இந்த வீடு அவ்வளவு பெறாது” என்று வாதாடுவேன். ரீஃபைனான்ஸ் என்று வந்தால் அதே வாயால் “எப்பேர்ப்பட்ட வீடு தெரியுமா” என்பேன். நானும் யோக்கியனில்லை.

இப்போது வெய்வருக்கு வருவோம். பத்து வருடத்துக்கும் மேலாக அப்ரைசர்கள் அனுப்பிய அறிக்கைகள் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் தரவுத்தளங்களில் சேர்ந்திருக்கின்றன. அவற்றை வைத்துத்தான் ‘இந்த வீட்டுக்கு நேரடி மதிப்பீடு வேண்டாம்’ என்று இயந்திரம் சொல்கிறது. முதலில் ரீஃபைனான்ஸுக்கு, பிறகு 20 சதவீதமாவது முன்பணம் கட்டி வாங்குபவர்களுக்கு, 2025 தொடக்கத்திலிருந்து 10 சதவீதம் கட்டினாலே போதும். தம்பி சரியாக அந்த எல்லையில் நிற்கிறான்.

இதில் எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. இயந்திரம் “இந்த வீடு இந்த விலை பெறும்” என்று வாங்குபவரிடம் சொல்வதில்லை. “இந்த விலைக்கு இந்தக் கடனின் அபாயத்தை நாங்கள் ஏற்கிறோம்” என்று வங்கியிடம் சொல்கிறது. லட்சக்கணக்கான கடன்களில் சில தவறினால் அவர்களுக்குச் சராசரி பார்த்துக்கொள்ளும். உங்களுக்கு இருப்பது ஒரே வீடு.

மனிதர்கள் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. ஃப்ரெடி மேக் 2021இல் வெளியிட்ட ஆய்வில், வெள்ளையர் பெரும்பான்மைப் பகுதிகளில் 7.4 சதவீத மதிப்பீடுகள் ஒப்பந்த விலைக்குக் கீழே வந்தன. கறுப்பினப் பகுதிகளில் 12.5, லத்தீனோ பகுதிகளில் 15.4. பாப்காக் காலத்துப் பாடம் இன்னும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இயந்திரமும் அந்த மனிதர்கள் எழுதியதைப் படித்து வளர்ந்ததுதானே.

இந்த மாற்றம் வந்திருக்கும் நேரம்தான் என் கவலை. 2021 ஜனவரியில் முப்பது வருடக் கடன் வட்டி 2.65 சதவீதம், 2023 அக்டோபரில் 7.79. மூன்று சதவீதத்தில் கடன் வாங்கியவர் வீட்டை ஏன் விற்கப்போகிறார்? 2024இல் நாடு முழுக்க விற்ற பழைய வீடுகள் சுமார் 40.6 லட்சம்தான், 1995க்குப் பிறகு மிகக் குறைவு. விற்பனை குறைந்தால் ஒப்பிட வீடுகளும் குறைவு. டெக்சஸில் வேறொரு சிக்கல்: இங்கே விற்பனைக்கு நிற்கும் வீடுகள் கொரோனாவுக்கு முந்தைய அளவைத் தாண்டிவிட்டன. புது வீடு கட்டும் பில்டர்கள் விலையைக் குறைப்பதற்குப் பதில், வட்டியைக் குறைத்துத் தருகிறேன், க்ளோசிங் செலவு என்னுடையது என்கிறார்கள். பேப்பரில் விலை அப்படியே நிற்கும். நல்ல அப்ரைசர் போன் போட்டு “உண்மையில் எவ்வளவு விட்டுக்கொடுத்தீர்கள்?” என்று கேட்டு அதற்கேற்பத் தள்ளுபடி செய்வார். ஜில்லோ நிறுவனம் தன் கணிப்பை நம்பி வீடுகளை வாங்கி விற்கப் போய், 2021 நவம்பரில் அந்தத் தொழிலையே மூடியது. அத்தனை தரவு வைத்திருந்தவர்கள்.

இதையெல்லாம் தம்பியிடம் கொட்டினேன். பாவம், காபி ஆறிவிட்டது.

“அப்போ என்ன பண்றது அண்ணா?”

டெக்சஸ் ஒப்பந்தத்தில் ‘ஆப்ஷன் பீரியட்’ என்று சில நாட்களைச் சிறு தொகை கொடுத்து வாங்கலாம். அதற்குள் எந்தக் காரணமும் சொல்லாமல் விலகலாம். அவனுக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதே கவுன்டியில் பல வருடமாகத் தொழில் செய்யும் ஒரு அம்மாவைப் பிடித்தோம். மிச்சமான அறுநூறு டாலர் அவரிடம் போனது. அவர் எடுத்த நான்கு ஒப்பீட்டு வீடுகளில் இரண்டில் விற்றவர்கள் சலுகை கொடுத்திருந்ததைக் கேட்டறிந்து கழித்தார். எண் ஒப்பந்தத்தைவிட 11,000 குறைவாக வந்தது. அதை வைத்துப் பேசியதில் விற்பவர் 6,000 இறங்கினார். “பரவால்ல அண்ணா, பையனுக்கு ஸ்கூல் பக்கம்” என்று வாங்கிவிட்டான்.

வங்கி அந்த அறிக்கையைக் கடைசிவரை கேட்கவே இல்லை. எனக்கு பிடிஎஃப் அனுப்பியிருந்தான். முதலில் பார்த்தது அந்தக் கட்டத்தைத்தான். வாடிக்கையாளர் என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது.