சால்மன் மீனிடம் கேட்ட வினா

மூளையின் குருதியோட்டத்தைப் படமெடுக்கும் கருவிகள் பெருகிய காலத்தில், அப்படங்களைக் கணக்கிட்டுப் பொருள் கூறும் துணை தேவைப்பட்டது. இலண்டனில் கார்ல் பிரிஸ்டன் தாம் எழுதிய ‘எஸ்.பி.எம்.’ என்னும் கணினி நிரலை 1991இல் பிற ஆய்வாளர்க்கும் வழங்கினார். பின்னர்ப் பயிற்சி வகுப்புகளும் நடைபெற்றன. அமெரிக்காவில் ராபர்ட் காக்ஸ் ‘ஆஃப்னி’ நிரலைப் படைத்தார். கணிதம் கல்லாதாரும் விடை பெற்றனர். இடரும் அங்கேயே பிறந்தது.

ஒரு மூளைப்படம் பல்லாயிரம் நுண்கூறுகளால் ஆனது. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால், தற்செயலாகவே சில கூறுகள் இயங்குவனபோல் தோன்றும். 2009இல் கிரெய்க் பென்னட் குழுவினர் சால்மன் மீனொன்றைக் கருவியில் கிடத்தி, மனிதர் படங்களைக் காட்டி, அவர்தம் உணர்ச்சி யாதென வினவினர். மீனோ இறந்த மீன்! ஆயினும் அதன் மூளையில் இயக்கம் உண்டென்றே கணக்கு காட்டியது. சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் திருத்தியதும் அது மறைந்தது.

2016இல் எக்லண்ட், நிக்கல்ஸ், நட்சன் ஆகியோர், ஓய்ந்திருந்த 499 பேரின் படங்களைக் கொண்டு நிரல்களையே தேர்வுக்கு உட்படுத்தினர். 5 விழுக்காட்டில் நிற்கவேண்டிய பொய்விடை, சில முறைகளில் 70 விழுக்காடு வரை ஏறிற்று. ஆஃப்னியில் 15 ஆண்டுகள் ஒளிந்திருந்த பிழையொன்றும் வெளிப்பட்டு, 2015இலேயே களையப்பட்டது. அவர்தம் கட்டுரையிலும் 40,000 ஆய்வுகள் ஐயத்திற்குரியன என்ற தொடர் மிகையெனப் பின்னர்த் திருத்தப்பட்டது.