மண்ணெண்ணெயில் ஓடிய கார்களும் மாறாத ஒரு நடுக்கமும்

ஓடும்போது எந்தக் குறையையும் காட்டாத பழைய கார், சந்தியில் பிரேக்கை மிதித்ததும் நடுங்கத் தொடங்கும். என்ஜின் இருமும். சிலவேளை அணைந்தே போகும். மீண்டும் தொடக்கி அக்சிலரேற்றரை மிதித்தால் ஒன்றும் நடவாதது போல ஓடும். பழைய கார் வைத்திருந்தவர்களுக்கு இந்தத் தொல்லை நன்கு தெரியும். 2002இல் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னர் யாழ்ப்பாணம் சென்றபோது நான் ஏறிய வாடகைக் கார்கள் பலவற்றிலும் இந்த நடுக்கத்தைக் கண்டேன். அதன் காரணத்தைத் தேடினால் 1990ஆம் ஆண்டுக்கே போய்ச் சேர வேண்டியிருக்கும்.

அந்தக் கார்கள் அவ்வளவு காலம் எஞ்சியிருந்தமைக்கு ஒரு வரலாறு உண்டு. சுதந்திரத்தின் பின்னரும் இலங்கையின் வீதிகளில் பிரித்தானியக் கார்களே பெருமளவில் ஓடின. ‘ஏ போட்டி’ என்று எம்மவர் அழைத்த ஒஸ்டின் ஏ-40, 1948இல் அறிமுகமான மொறிஸ் மைனர் என்பன அவற்றுள் முக்கியமானவை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாகக் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. இருந்ததைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே வழியாயிற்று. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு ஜப்பானியக் கார்கள் வரத் தொடங்கிய பின்னரும், குடாநாட்டில் பழைய கார்கள் வாடகைக் கார்களாகவும் குடும்பச் சொத்தாகவும் நிலைத்தன.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. வடக்கின் மீது அரசாங்கம் பொருளாதாரத் தடையை விதித்தது. பெற்றோல், டீசல், பற்றரி என்று தடைப்பட்ட பொருட்களின் பட்டியல் நீண்டது. மின்சாரமும் நின்றுபோனது. களவாக வந்த பெற்றோலின் விலை சாதாரண மக்களுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் கிடைத்தது. விளக்குக்கும் நீர் இறைக்கும் இயந்திரத்துக்கும் அதுவே. காருக்கும் அதுவே என்றாயிற்று.

பெற்றோல் என்ஜினை மண்ணெண்ணெயில் ஓட்டுவது முன்னெப்போதும் இல்லாத வித்தையன்று. 1940களின் இறுதியில் பிரித்தானியாவில் வெளிவந்த பெர்குசன் உழவு இயந்திரங்களில் ஒரு வகை, மண்ணெண்ணெயைச் சார்ந்த எரிபொருளுக்கென்றே அமைக்கப்பட்டது. பெற்றோலில் தொடக்கி, சூடேறிய பின்னர் மற்றைய எரிபொருளுக்கு மாற்றுவது அதன் முறை. அதற்கேற்ப அதன் அமுக்க விகிதமும் குறைக்கப்பட்டிருந்தது. தொழிற்சாலையில் பொறியியலாளர்கள் செய்த அந்த வேலையை, எமது ஊர்த் திருத்துநர்கள் ஒரு ஸ்பனரையும் தம் காதையும் கொண்டு செய்ய வேண்டியிருந்தது.

பழைய கார்களின் அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அவற்றின் அமுக்க விகிதம் பிற்காலக் கார்களினதை விடக் குறைவு. மொறிஸ் மைனரில் எரிபொருட் கலவை உள்ளே செல்லும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் என்ஜினின் ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக இணைந்திருந்தன. புகைக் குழாயின் சூடு மண்ணெண்ணெய் ஆவியாகத் துணைசெய்தது. சிறிய போத்தலொன்றில் வைத்திருந்த பெற்றோலை அளந்து ஊற்றி என்ஜினைத் தொடக்குவார்கள். சூடேறியதும் அது மண்ணெண்ணெயைக் குடித்து ஓடும். பின்னால் எழும் வெண்புகையையும் நெடியையும் அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

ஆனால் மண்ணெண்ணெய்க்கு ஒரு குணம் உண்டு. சூடு குறைந்தால் அது ஆவியாகாது. ஆவியாகாத எண்ணெய் சிலிண்டர் சுவர்களைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆகவே காரை நிறுத்தி வைத்து என்ஜினை மெதுவாக ஓடவிடுவது அதற்குப் பெரும் கேடு. வைத்தியசாலை வாசலில் நோயாளியை இறக்கும் நேரத்திலும் சாரதி அக்சிலரேற்றரிலிருந்து காலை எடுக்கமாட்டார். என்ஜின் ஆறிவிட்டால் மீண்டும் தொடக்கப் பெற்றோல் வேண்டும். போத்தலில் மிஞ்சியிருப்பதோ சில துளிகள்தாம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊர்ந்த கார்களுக்கு இதுவே பெரும் சோதனையாயிற்று.

இந்த வாழ்வுக்கு ஏற்றவாறு என்ஜின்கள் மாற்றப்பட்டன. அதிர்ந்து தட்டும் ஓசையைக் குறைக்கத் தீப்பொறி விழும் நேரம் பின்தள்ளப்பட்டது. அணைந்து போகாதிருக்க வேகத் திருகு முறுக்கப்பட்டது. அன்றைய நிலையில் அவை சரியான வைத்தியங்களே.

2002இல் பெற்றோல் தாராளமாக வந்தது. மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பியது. நடுக்கம் மட்டும் போகவில்லை. எனக்குப் பழக்கமான ஒருவரின் மொறிஸ் மைனர் அவ்வாறுதான் இருந்தது. பிளக், கொயில், கண்டன்சர் அனைத்தையும் மாற்றினார். வேறொரு காபரேற்றரையும் தேடி வாங்கிப் பூட்டினார். பயனில்லை. இறுதியில் முதிய திருத்துநர் ஒருவரிடம் கொண்டு சென்றார். நானும் உடன் சென்றிருந்தேன்.

அந்த முதியவர் திருகாணி எதனையும் தொடவில்லை. இந்தக் கார் எத்தனை ஆண்டுகள் மண்ணெண்ணெயில் ஓடியது என்று முதலில் கேட்டார். பின்னர் முன்புறத்தில் கைப்பிடியைச் செருகி என்ஜினை மெல்லச் சுற்றினார். நான்கு சிலிண்டர் என்ஜினை இரு முறை சுற்றினால் நான்கு தடவை கை எதிர்ப்பை உணர வேண்டும். மூன்று தடவை உணர்ந்தார், நான்காவது தளர்ந்திருந்தது. புகை வெளியேறும் வால்வு ஒன்று கருகி, சரியாக மூடாதிருந்தது. அடுத்து என்ஜினை ஓடவிட்டுக் காபரேற்றரின் காற்றுத் தகடு சுழலும் அச்சின் இரு முனைகளிலும் தடித்த ஒயிலைச் சில துளி விட்டார். சில கணங்கள் நடுக்கம் தணிந்து மீண்டும் வந்தது. அச்சின் துளை தேய்ந்து, அதனூடாகக் காற்றுப் புகுந்துகொண்டிருந்தது. புதிதாகப் பூட்டிய காபரேற்றரும் அதே காலத்துப் பழையதுதானே, அதிலும் அதே தேய்வு. மூன்றாவதாக, தீப்பொறியின் நேரம் மண்ணெண்ணெய்க் காலத்தில் பின்தள்ளிய இடத்திலேயே இருந்தது.

ஓடும்போது இவை ஏன் தெரியவில்லை? வேகமாக ஓடும் என்ஜின் நிறையக் காற்றை இழுக்கிறது. சிறு துளையின் கசிவு அதில் கரைந்துவிடும். நிற்கும்போது காற்றுத் தகடு ஏறத்தாழ மூடியிருக்கும். உள்ளே செல்லும் காற்றே சிறிதளவு. அப்போது துளையால் புகும் காற்று கலவையைக் குலைத்துவிடும்.

முன்னைய முயற்சிகள் தோற்றமைக்கும் காரணம் இதுவே. குறை ஒன்றல்ல, மூன்று. ஒன்றைத் திருத்தினால் மற்ற இரண்டும் நடுக்கத்தைத் தொடரச் செய்யும். பயனில்லை என்று எண்ணித் திருத்தியதையும் பழையபடி மாற்றிவிடுவார்கள். முதியவர் ஒழுங்குமுறையாகச் சென்றார். வால்வை அரைத்துப் பொருத்தி, அதன் இடைவெளியை ஓர் அங்குலத்தின் 1000இல் 12 பங்காக வைத்தார். லேத் பட்டறையில் கடைந்த பித்தளைப் புஷ்ஷை அச்சுக்கு இட்டார். தீப்பொறியின் நேரத்தைப் பெற்றோலுக்கு உரிய இடத்துக்குக் கொண்டுவந்தார். காபரேற்றரின் திருகைக் கடைசியாகத்தான் தொட்டார். கார் நின்ற இடத்தில் அமைதியாக ஓடியது.

போர்க்காலத்தில் உயிர் பிழைக்கச் செய்த ஏற்பாடுகள் போர் ஓய்ந்த பின்னரும் உள்ளே இருந்து உலைக்கும் என்பதை அந்தக் காரில் கண்டேன். மனிதர்களுக்கும் இது பொருந்தும். குறையை அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எதனால் உயிர் வாழ்ந்தாய் என்பதுதான்.

2022இல் எரிபொருள் தட்டுப்பாடு இலங்கை முழுவதையும் வரிசையில் நிறுத்தியபோது மண்ணெண்ணெய்க்கும் வரிசை நீண்டது. அப்போது அந்த முதியவரை நினைத்துக்கொண்டேன். அவரும் அவர் போன்றோரும் எதனையும் எழுதி வைக்கவில்லை. அவர்களுடைய அறிவு கைகளில் இருந்தது, கைகளோடு போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இன்னும் இருப்பாராயின், அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதுவும் எமது வரலாறுதான்.