செங்கோக்கு ரான்ஸ்

ஜப்பானின் ஆலிஸ்சாஃப்ட் நிறுவனம் 2006-இல் வெளியிட்ட, வயதுவந்தோருக்கான கணினி விளையாட்டு. ரான்ஸ் வரிசையைச் சேர்ந்தது. 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானின் உள்நாட்டுப் போர்க்காலத்தை மாயமும் அரக்கரும் கலந்து படைக்கிறது. ஓதா குலத்தின் படையைக் கொண்டு நாடு முழுவதையும் கைப்பற்றுவதே ஆட்டம். ஒரு முறைக்குச் சில நடவடிக்கைகளே அனுமதி என்பதால் படையெடுப்பதா, ஆள் சேர்ப்பதா என்ற தவிப்பு ஓயாது. தளபதியின் உயிர்பலம் அவர் வீரர்களின் எண்ணிக்கையே. நூறு பேர் விழுந்தால் அடுத்த அடியும் அந்த அளவுக்கு வலுவிழக்கும். எளிய விதி, ஆழமோ அபாரம். புதியவர்களுக்கு இதன் கடினம் சலிப்பூட்டலாம். பெருங்குறை வேறு: நாயகன் பெண்கள்மீது நிகழ்த்தும் பாலியல் வன்முறையைக் கதை நகைச்சுவையாகவே கையாள்கிறது. ஆட்ட வடிவமைப்பின் நேர்த்தி அதற்குச் சமாதானம் ஆகாது. ஆங்கிலப் பதிப்பு 2019-இல் வந்தது.