வீட்டு விமானத் தகட்டு வேலை

வீட்டு விமானத் தகட்டு வேலை என்பது, தனிநபர் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டுக் கொட்டகையிலோ கார் நிறுத்தும் அறையிலோ கட்டும் சிறு விமானத்துக்கு அலுமினியக் கலவைத் தகட்டை வெட்டி, மடித்து, தட்டி உறுப்புகளாக்கும் தொழில். அமெரிக்காவில் வேரூன்றி வளர்ந்தது. இதன் வரலாற்றைச் சுத்தியல் பிடித்த கைகளின் திறமை வரலாறாகச் சொல்வதே வழக்கம். கிடைக்கும் சான்றுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு முடிவு வலுப்படுகிறது. சாதாரண மனிதர் உலோக விமானம் கட்ட முடிந்ததற்கு முதற்காரணம், தட்டி உருவாக்க வேண்டிய வளைவுகளை வடிவமைப்பாளர் வரைபலகையிலேயே குறைத்துவிட்டது. கைத்திறன் அதன் பிறகு எஞ்சிய இடங்களில்தான் தன் வேலையைக் காட்டியது.

மூலப்பொருளின் கதை ஜெர்மனியில் தொடங்குகிறது. அலுமினியத்தோடு சுமார் 4 விழுக்காடு செம்பும் சிறிதளவு மக்னீசியமும் மாங்கனீசும் சேர்ந்த கலவையைச் சூடாக்கி நீரில் அமிழ்த்தினால், அது உடனே கெட்டிப்படாமல் நாட்கள் செல்லச் செல்ல இறுகுவதை 1906இல் ஆல்ஃபிரட் வில்ம் கண்டார். வார இறுதிக்கு முன் சோதித்த துண்டு திங்கட்கிழமை கூடுதல் கடினத்தோடு இருந்தது என்று ஒரு கதை திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கதையின் நுணுக்கங்கள் எப்படியிருந்தாலும் விளைவு உறுதியானது. டியூரன் நகர ஆலையில் உற்பத்தியானதால் டியூரலுமின் என்று பெயர் பெற்ற அந்தக் கலவை, எஃகை விட மிகக் குறைந்த எடையில் போதிய வலிமை தந்தது. 1915இல் ஹ்யூகோ யுங்கர்ஸ் பறக்கவிட்ட ஜே 1 முழு உலோக விமானம் எஃகுத் தகட்டால் ஆனது. 'தகரக் கழுதை' என்று செல்லமாக அழைக்கப்பட்டது. 1919இல் வந்த அவருடைய எஃப் 13 டியூரலுமினுக்கு மாறியது. மெல்லிய தகடு தொய்யாமல் நிற்க அவர் அதில் நெளி மடிப்புகளை இட்டார். நெளிவில்லாத வழுவழுப்பான தகட்டுப் போர்வையே சுமை தாங்கும் முறை 1930களில் பரவியது. கூடவே அலுமினியக் கலவையின் மேல் தூய அலுமினியப் படலம் ஒட்டிய 'அல்க்ளாட்' தகடும், 24எஸ் என்ற வலிமையான கலவையும் பரவின. பிற்காலத்தில் 2024 என்று எண்ணிடப்பட்டது இந்த 24எஸ்தான்.

தொழிற்சாலைகள் இந்தத் தகட்டை வடிவமாக்கிய வழிகள் எதுவும் வீட்டுக்கு ஏற்றவை அல்ல. துத்தநாகக் கலவை அச்சுகளின் மேல் கனமான சம்மட்டிப் பொறிகள் விழுந்தன. டக்ளஸ் நிறுவனத்தில் ஹென்றி கெரின் பெயரால் அறியப்பட்ட முறையில், தடித்த ரப்பர் திண்டு தகட்டை ஒரே அச்சின் மேல் பெரும் அழுத்தத்தில் அமுக்கியது. ஆயிரக்கணக்கில் ஒரே உறுப்பு தேவைப்படும் இடத்துக்கே அந்தச் செலவு பொருந்தும். எனவே 1929இன் பீட்டன்போல் ஏர் கேம்பர் போன்ற அக்காலத்து வீட்டு விமானங்கள் மரத்தாலும் துணியாலும் ஆனவை என்பதில் வியப்பில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வீட்டு விமானங்களுக்குச் சட்டம் வழிவிட்டது. 1947இல் ஜார்ஜ் போகார்டஸ் தன் சிறு விமானத்தில் ஆரிகானிலிருந்து தலைநகர் வாஷிங்டன் வரை பறந்து அதிகாரிகளிடம் முறையிட்டார்; 1952இல் அமெச்சூர் விமானம் என்ற தனி வகை ஏற்கப்பட்டது; மறு ஆண்டு பால் போபெரெஸ்னி பரிசோதனை விமானச் சங்கத்தை நிறுவினார். இடைப்பட்ட காலத்தில், 1948இல் டேவிட் லாங் வடிவமைத்த மிட்ஜெட் மஸ்டாங் என்ற பந்தய விமானம் முழு உலோகத்தில் பறந்தது. அதன் உரிமையைப் பின்னர் பெற்ற ராபர்ட் புஷ்பி வரைபடங்களோடு உறுப்புத் தொகுப்புகளையும் விற்றார். 1966இல் அவர் இருவர் அமரும் மஸ்டாங் 2ஐப் பறக்கவிட்டார். வீட்டு உலோக விமானத்தின் தொடக்கம் இவர்களா, பின்னால் வந்த ஜான் தோர்ப்பா என்பதில் எழுதுவோரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பறந்த ஆண்டை வைத்துப் பார்ப்போர் மஸ்டாங்கையும், பரவிய முறையை வைத்துப் பார்ப்போர் தோர்ப்பையும் முன்னிறுத்துகின்றனர்.

ஜான் தோர்ப்பின் டி-18 பற்றிய பதிவு மற்றவற்றை விட மிக விரிவானது. லாக்ஹீடில் பணியாற்றியவரும், ஃப்ரெட் வீக்குடன் சேர்ந்து பைப்பர் செரோக்கி விமானத்தின் அடிப்படையை அமைத்தவருமான தோர்ப், 1960களின் தொடக்கத்தில் சங்கத்தின் 'ஸ்போர்ட் ஏவியேஷன்' இதழில் டி-18இன் கட்டுமான முறையைத் தொடராக எழுதினார். முதல் விமானத்தைக் கட்டி 1964இல் பறந்தவர் பில் வார்விக். இருவர் அருகருகே அமரும் இந்த விமானத்தின் உடலில் பெரும்பாலான தகடுகள் ஒரே திசையில் மட்டும் வளைபவை. காகிதத்தைச் சுருட்டுவது போல, அத்தகைய தகட்டை நீட்டவோ சுருக்கவோ வேண்டியதில்லை. உள்ளே உள்ள சட்டங்களும் நேர்கோட்டு மடிப்புகளாகவே அமைந்தன. மடிப்புப் பொறி ஒன்று இருந்தால், அல்லது இரண்டு கோண இரும்புகளுக்கு நடுவே தகட்டை இறுக்கிப் பிடித்து மடித்தால், வேலை முடிந்தது. இவ்வளவோடு நின்றிருந்தால் இது சுலபமான விமானம் என்ற பெயரை மட்டும் பெற்றிருக்கும். தோர்ப் இன்னொரு படி சென்றார். தகடுகளைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளுக்கான துளைகளின் இடத்தைத் தட்டையான தகட்டிலேயே குறித்துத் துளைத்தபின் மடிக்கச் சொன்னார். மடித்த உறுப்புகளின் துளைகள் ஒன்றோடொன்று நேர்ப்பட்டால் விமானத்தின் வடிவமும் நேர்ப்படும். பெரிய தாங்குசட்டங்கள் தேவையில்லை. துளைகளை இப்படி ஒத்திசைக்கும் வழக்கம் பெரிய ஆலைகளில் முன்பே இருந்ததால், இதைத் தோர்ப்பின் கண்டுபிடிப்பு என்பதைச் சிலர் ஏற்பதில்லை. வீட்டுக் கட்டுநருக்குக் கொண்டுவந்தவர் அவர் என்பதில் மறுப்பு குறைவு.

இந்த முறை கணக்கின் மேல் நிற்கிறது. அது எவ்வளவு நுட்பமானது என்பதை ஒரே ஒரு மடிப்பில் பார்க்கலாம். 0.81 மில்லிமீட்டர் தடிமன் தகட்டை 3.18 மில்லிமீட்டர் உள் ஆரத்தில் 90 பாகைக்கு மடிக்கிறோம் என்க. அமெரிக்க விமானத்துறைக் கையேடுகள் தரும் வாய்பாட்டின்படி வளைவுக்குள் போகும் நீளம், பாகைக் கணக்கை 0.01743 மடங்கு ஆரத்தோடு 0.0078 மடங்கு தடிமனைக் கூட்டிய தொகையால் பெருக்கக் கிடைப்பது: சுமார் 5.6 மில்லிமீட்டர். வெளிப்புறம் 20 மில்லிமீட்டராக இருபுறமும் வேண்டுமென்றால் தட்டைத் தகடு 40 மில்லிமீட்டர் அல்ல, ஏறத்தாழ 37.6 மில்லிமீட்டர்தான். அந்த 2.4 மில்லிமீட்டரை மறந்தவருடைய துளை பக்கத்து உறுப்பின் துளையைச் சந்திக்காது. மடிப்புக் கோட்டை முள்ளால் கீறுவதும் கூடாது. கீறல் விழுந்த இடத்தில்தான் வெடிப்பு தொடங்கும் என்பதால் மை பேனாவால் குறிக்க வேண்டும். கிராஃபைட் பென்சில் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் அதுவும் தவிர்க்கப்படுகிறது. இப்படிப்பட்ட சிறு கட்டளைகளின் தொகுதியே இத்துறையின் உண்மையான பாடநூல். ஆரத்தைத் தகட்டுத் தடிமனின் 3 மடங்குக்குக் குறையாமல் வைப்பது 2024-டி3 தகட்டுக்குப் பொதுவான பழக்கம்; 6061-டி6 தகடு இதை விடக் கூர்மையான மடிப்பையும் பொறுத்துக்கொள்ளும்.

கைவேலை முழுமையாக எஞ்சிய இடம், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டமான ரிப். இங்கேதான் எதிர்வாதம் வலுவாக எழுகிறது: ரிப்பைச் சுத்தியலால் தட்டித்தானே ஆக்குகிறோம், பிறகு திறன் எப்படி இரண்டாம் இடம் பெறும்? செய்முறையைப் பார்ப்போம். கடின மரப் பலகையை ரிப்பின் உருவத்துக்கு வெட்டி, அதன் விளிம்பைச் சில பாகைகள் உள்நோக்கிச் சாய்த்துச் சீவுவார்கள். தகடு மடித்தபின் சற்றே பின்னோக்கித் துள்ளும். அந்தச் சாய்வு அதை ஈடுகட்டும். தகட்டை இந்த அச்சுக்கும் இன்னொரு பலகைக்கும் நடுவே வைத்து இரண்டு ஆணிகளால் நகராமல் நிறுத்தி, வெளியே நீண்ட விளிம்பைப் பிளாஸ்டிக் அல்லது தோல் சுத்தியலால் மடக்குவார்கள். வளைந்த விளிம்பில் மிச்சம் இருக்கும் உலோகம்தான் சிக்கல். 15 மில்லிமீட்டர் அகல விளிம்பு, 90 பாகை திரும்பும் வளைவில், சுமார் 23.6 மில்லிமீட்டர் உபரி நீளத்தைச் சுமக்கிறது. வளைவின் ஆரம் பெரிதோ சிறிதோ இந்த எண் மாறுவதில்லை. அந்த உபரி சுருங்க வேண்டும், அல்லது எங்காவது மடங்க வேண்டும். இரண்டு ரிவெட்டுகளுக்கு நடுவே சிறு நெளிவுகளை இடுக்கியால் ஒடுக்கி அதை உறிஞ்சுவதுதான் தீர்வு. நெளிவு அளவாக விழுந்தால் வில்லாக வளைந்திருந்த ரிப் மேசை மேல் படிந்து கிடக்கும். இந்தக் கணத்தைக் காணும் கட்டுநர்கள் மீண்டும் மீண்டும் அதைப் பற்றி எழுதுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த 23.6 மில்லிமீட்டரை எங்கே ஒடுக்குவது என்பதை நிர்ணயிப்பது வரைபடம்தான். நெளிவின் இடமும் ரிவெட்டின் இடமும் ஒன்றோடொன்று மோதாமல் அமைந்திருக்க வேண்டும் என்பதை வடிவமைப்பாளர் முன்கூட்டியே தீர்த்துவைக்கிறார்.

தகட்டின் பதம், அதாவது கடின நிலை, பற்றிய சர்ச்சை தனி. 2024ஐ மென்பதத்தில் தட்டிவிட்டுப் பிறகு சுமார் 495 பாகை செல்சியஸில் சூடாக்கி நீரில் அமிழ்த்தினால் நாளடைவில் முழு வலிமை திரும்பும். சில பாகை மீறினால் உள்ளே உருகத் தொடங்கும் என்பதால், அளவறிந்த உலை இல்லாத கொட்டகையில் இது சாத்தியமில்லை. எனவே ஏற்கெனவே கெட்டிப்பட்ட டி3 பதத்திலேயே தட்ட முடியுமாறு வரைபடங்கள் மென்மையான வளைவுகளைத் தேர்ந்தன. அசிட்டிலீன் சுடரின் கரியை அலுமினியத்தில் பூசி, கரி எரிந்து மறையும் வரை சூடாக்கி மென்மையாக்கும் பழைய பட்டறை வழக்கத்தைச் சிலர் எஞ்சின் மூடி போன்ற சுமை தாங்காத உறுப்புகளுக்கு ஏற்கிறார்கள்; சுமை தாங்கும் உறுப்புகளில் அது வலிமையைக் களவாடிவிடும் என்று மற்றவர்கள் எதிர்க்கிறார்கள். பிந்தைய கருத்துக்கே காரணம் வலுவாகத் தோன்றுகிறது. வில்ம் கண்ட பண்பே ரிவெட்டிலும் வெளிப்படுகிறது: 2024 கலவை ரிவெட்டுகள் நீரில் அமிழ்த்திய உடன் பனிப்பெட்டியில் வைக்கப்பட்டு, எடுத்த சில நிமிடங்களில் அடிக்கப்பட வேண்டும். சாதாரண வீட்டு விமானங்கள் அதைத் தவிர்த்து, வந்தபடியே அடிக்கக்கூடிய 2117 ரிவெட்டைக் கையாளுகின்றன.

இரு திசையிலும் வளையும் பரப்புகளுக்கு இங்கிலீஷ் வீல் எனப்படும் உருட்டுச் சக்கரமும் மணல் பையும் மரச் சுத்தியலும் வேண்டும்; பயிற்சி பெற ஆண்டுகள் பிடிக்கும். வீட்டு விமானத்தில் அத்தகைய பரப்புகள் எஞ்சின் மூடி, இறக்கை நுனி, சக்கர மூடி ஆகியவை. 1960களிலிருந்தே இவை ஃபைபர் கிளாஸுக்கு மாறத் தொடங்கின. 1975இல் பர்ட் ரூட்டான் நுரைப்பொருளையும் ஃபைபர் கிளாஸையும் கொண்டு வேரிஈசியைப் பறக்கவிட்டபோது தகட்டுக்கு முடிவு வந்துவிட்டது என்று ஒரு தரப்பு நம்பியது. அதுவே இவ்வாதத்துக்குக் கடும் சோதனை. ஒற்றை வளைவுத் தகட்டின் எளிமை கைத்திறனில் இல்லாமல் வடிவமைப்பில் இருந்ததால்தான், அது புதிய பொருளோடு போட்டியிட முடிந்தது. டான் டெய்லர் 1976இல் தான் கட்டிய டி-18இல் உலகைச் சுற்றி வந்தார். வீட்டில் கட்டிய விமானம் உலகைச் சுற்றியது அதுவே முதல் முறை. கனடாவில் கிறிஸ் ஹைன்ஸ் 1970களில் இழுவை ரிவெட்டுகளையும் ஒற்றை வளைவுத் தகடுகளையும் முன்வைத்துத் தம் ஜெனித் வரிசையைத் தொடர்ந்தார்.

1971இல் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வென் ஆர்வி-3ஐப் பறக்கவிட்டார்; அவருடைய வேன்ஸ் நிறுவனத்தின் விமானங்களில் 11,000க்கும் மேற்பட்டவை பறந்துள்ளன. 1990களில் ஆலையிலேயே கணினியால் துளையிட்ட தகடுகள் வந்தபோது தோர்ப்பின் கணக்கு கட்டுநரின் மேசையிலிருந்து ஆலைக்கு மாறியது. இது வீட்டுக் கட்டுமானம்தானா என்ற ஆட்சேபம் இங்கே எழுந்தது. பெரும் பகுதி தனிநபரால், தம் கல்விக்கோ பொழுதுபோக்குக்கோ உருவாக்கப்பட வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒன்று சேர்த்தலும் உருவாக்கலும் அதில் எண்ணப்படுவதால், துளையிட்ட தகட்டைக் கொண்டு முழு விமானத்தையும் ரிவெட் செய்பவர் விதிக்குள்ளேயே நிற்கிறார். ஆனால் மடிப்பையும் விளிம்பையும் அறிந்தவர் குறைந்து வருகிறார் என்ற கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

அண்மைக் காலப் பதிவு மெலிந்தது. 2022, 2023 வாக்கில் வேன்ஸ் நிறுவனம் துளைகளை லேசரால் வெட்டிய சில உறுப்புகளில், ரிவெட்டின் தலை பதியக் குழிவு அமுக்கும்போது துளை விளிம்பில் வெடிப்புகள் தெரிந்தன, உறுப்புகள் மாற்றப்பட்டன. 2023 டிசம்பரில் நிறுவனம் கடன் மறுசீரமைப்புக்கு விண்ணப்பித்து அடுத்த ஆண்டு அதிலிருந்து வெளிவந்தது. மர அச்சுகளுக்குப் பதிலாக முப்பரிமாண அச்சில் ரிப் அச்சுகளை உருவாக்கும் பழக்கமும் சில கட்டுநர்களிடம் பரவி வருகிறது. மிகையுலோகத்தை ஒடுக்கும் இடுக்கி அவற்றோடும் இன்னும் மேசையில் இருக்கிறது.